நண்டின் தாமதம்

1

இந்தக் கதை போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக் கூடத்தில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதே பொய். பதினெட்டு வருடமாக என்னிடம்தான் இருந்தது, அன்றைக்கு மாட்டிக்கொண்டேன்.

அக்கா மகளுக்கு ஒரு நடன விளையாட்டு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். தரையில் ஒரு விரிப்பு, அதில் நான்கு அம்புக்குறிகள். திரையில் அம்பு ஏறிவந்து கோட்டைத் தொடும்போது, பாட்டின் தாளத்தோடு, அதே அம்பை மிதிக்க வேண்டும். திரையில் ஆடுகிறவர்கள் நமக்குப் பழகியவர்கள்: பள்ளம் தாண்டி, ஏணி ஏறி, சாவி பொறுக்கிய அந்தத் தவளையும், மேலேயிருந்து பாறை உருட்டிய அந்த நண்டும். அந்தப் பழைய வீடியோ விளையாட்டுகளில் இருவருக்கும் ஜென்மப் பகை. இதில் தோளோடு தோள் சேர்த்து ஆடுகிறார்கள்.

"அம்மா, நீயும் வாம்மா. ஒரே ஒரு பாட்டு."

"எனக்குத் தாளமே வராதுடி. வேணும்னா உன் மாமாவைக் கேளு" என்று சிரித்தாள் அக்கா.

மாமா என்பது நான். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'அக்காவுக்குப் பதினாறு வயதானபோது இந்த விளையாட்டின் முதல் பதிப்பு எங்கள் வீட்டுக்கு வந்தது. விரிப்பு வழுக்காமலிருக்க நான்கு மூலையிலும் டேப் ஒட்டினோம். நான் தவளை. அவள் —'

நன்றாகத்தான் போகிறது. ஆனால் அவள் ஏன் நண்டைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொன்னால் நீங்கள் அவள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். (சாயுங்கள். "பாவம்டா, எத்தனை வருஷமா தோத்துக்கிட்டே இருக்கான்" என்றாள்.)

அவளும் தோற்றாள், தினமும். அவள் மிதித்தபோதெல்லாம் திரையில் 'தாமதம்' என்று வந்தது; நண்டு தலையில் அடித்துக்கொண்டது. "உனக்குத் தாளமே கிடையாதுக்கா" என்றேன். ஒரு தடவை அல்ல, வந்தவர் போனவர் முன்னால் எல்லாம் சொன்னேன். இரண்டு மாதத்தில் அவள் விரிப்பில் கால் வைப்பதையே விட்டுவிட்டாள். அப்புறம் கல்லூரியில், தோழிகள் கல்யாணங்களில், எங்கேயும் ஆடவில்லை.*

* அக்கா இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். க்ளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர்: கால் நேரம் பிசகாதவள். இதைக் கதைக்குள் வைத்தால் மேற்கொண்டு எழுத முடியவில்லை. அதனால் இங்கே.

3

தம்பி பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கதையை இரண்டாம் முறை எழுதியபோது அவன் இப்படிச் சொல்கிறான்: 'எங்கள் டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டியது. பாட்டு தனி ஸ்பீக்கரில் நேரத்துக்கு வந்தது. நான் காதை நம்பி ஆடினேன், அவள் கண்ணை நம்பி ஆடினாள். அடடா, இத்தனை வருடம் கழித்து அல்லவா தெரிகிறது —'

அந்த வரிகளை அடித்துவிட்டேன். மூன்றாவது வாரமே எனக்குத் தெரியும். படத்தையும் பாட்டையும் பொருத்த, விளையாட்டுக்குள்ளேயே ஒரு வசதி இருந்தது. சரிசெய்தேன். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அக்காவைப் போலக் கண்ணால் மட்டும் ஆடிப் பார்த்தேன். ஒரு 'தாமதம்'கூட வரவில்லை.

பிறகு எல்லாவற்றையும் பழையபடியே மாற்றி வைத்தேன். படிப்பு, பேச்சு, கையெழுத்து என்று வீட்டில் எதிலும் அவள்தான் முதல். இது ஒன்றாவது எனக்கு வேண்டியிருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

4

முடிவுக்கு வருவோம். அக்கா இதைப் படித்துவிட்டு, "போடா, அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்று சொல்லலாம். எனக்கு வசதியான முடிவு. பத்து நாள் என்னோடு பேசாமல் இருக்கலாம். அது நியாயமான முடிவு. அல்லது, 'அவள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு —'

இதை எழுத எனக்கு உரிமை இல்லை.

5

இதுவரைக்கும் எழுதியதை இன்று காலை அவள் வீட்டுக்கு வந்து அவளிடமே கொடுத்துவிட்டேன்.

"என்னடா இது, கதையா? நான் வர்றேனா?"

"வர்றே."

"நல்லவளாவா?"

"நீ மட்டும்தான்கா நல்லவ."

கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மகளும் உள்ளேதான் இருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் சமையலறை மேசையில் உட்கார்ந்து இந்தப் பகுதியை எழுதுகிறேன். தாள் புரளும் சத்தம் கேட்டது, ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

இப்போது பாட்டு கேட்கிறது. விரிப்பில் யாரோ மிதிக்கிறார்கள். ஒரே ஒருவர்தான். மிதி தாளத்தில் விழுகிறது. அது என் காதுக்குத் தெரிகிறது. யார் கால் என்று தெரியவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

கதவு தாழ் போடவில்லை. நீங்கள் போங்கள். ஆடுவது நண்டா என்று மட்டும் வந்து சொல்லுங்கள்.