பாதகம் பன்னிரண்டு

"பேர் கேக்கினம்," என்றாள் சிவகௌரி.

"ஆர்?"

"ஆஸ்பத்திரியில. ஒரு கடுதாசி நிரப்ப வேணுமாம். பிள்ளைக்கு என்ன பேர் எண்டு கேக்கினம்."

மறுமுனையில், மெல்பேர்ணில், அவள் கணவன் தேவராஜா இருந்தான். தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் கரைந்துகொண்டிருந்தன.

"பேரொண்டும் வேண்டாம் கௌரி. பேர் வைச்சா மறக்கேலாது. உயிரோட பிறக்காத பிள்ளைக்கு எங்கட ஆக்கள் பேர் வைக்கிறேல்லைத்தானே. அழாதையும். இஞ்ச வந்து சேரும், எல்லாம் புதுசாத் தொடங்குவம். இதைப் பற்றி இனி ஒருத்தரோடயும் கதைக்க வேண்டாம். என்னோடயும்."

"ஓம்," என்றாள் அவள்.

அந்த ஒற்றைச் சொல்லை அவள் இருபத்தொன்பது வருடங்களாகக் காப்பாற்றிவந்தாள்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணி மாதம். கொழும்பில் கலியாணம் முடித்த கையோடு தேவராஜா மெல்பேர்ணுக்குத் திரும்பிவிட்டான். விசா வரும்வரை கொழும்பில் இருப்பது ஆபத்து என்று, கருவுற்றிருந்த சிவகௌரியை வீட்டார் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பெரியம்மாவின் மகன் அங்கே தெற்கில், கார்க்கசோன் என்ற ஊரில், ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தான். அவன் வீட்டு ஜன்னலைத் திறந்தால் குன்றின் மேல் இரட்டை மதிலும் கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்களும் தெரியும். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஆண் பிள்ளை. மதிலுக்கு வெளியே ஒரு சேமக்காலையில், கைக்கடக்கமான ஒரு பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பேர் வைப்பது வழக்கம். அந்தப் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் வரவில்லை.

மெல்பேர்ணுக்கு வந்தாள். மூன்று வருடங்களில் மகள் பிரவீணா பிறந்தாள். ரோவில்லில் வீடு கட்டினார்கள். தேவராஜா நல்ல கணவன், அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. அவளுக்குக் காய்ச்சல் என்றால் இரவு முழுக்கப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் தொலைக்காட்சியில் பிரான்ஸ் என்று வந்தால் எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுவான்.

இந்த வருடம் சித்திரையில் அவன் ஓய்வு பெற்றான். நகரின் மறுகோடியில் இருக்கிற வெரிபீயிலிருந்து வந்த பிரவீணா, "டிக்கெட் நான் எடுத்துத் தாறன். எங்க போகப் போறீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"கார்க்கசோன்," என்றாள் சிவகௌரி. அரைநொடி கூட எடுக்கவில்லை. சொன்ன பிறகுதான் தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

முப்பது வருடம் தண்ணீர்க் குழாய்களுக்குத் திட்டம் போட்ட பொறியியலாளன் தேவராஜா. சலவை இயந்திரம் வாங்குவதென்றாலும் வெள்ளைத் தாளில் நடுவே ஒரு கோடு இழுத்து, இந்தப் பக்கம் சாதகம், அந்தப் பக்கம் பாதகம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகுதான் முடிவெடுப்பான். மறுநாள் காலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கியது.

சாதகப் பக்கத்தில் நான்கு. ஐம்பத்திரண்டு கோபுரங்கள், இப்படி முழுசாய் நிற்கிற கோட்டை நகரம் அருமை. ஊருக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளே வாகன இரைச்சல் இல்லை. நான்காவது, சின்ன எழுத்தில்: கௌரிக்கு விருப்பம்.

பாதகப் பக்கம் மழைக்கு முளைத்த புல்லாய் நாளுக்கு நாள் வளர்ந்தது. கல் பாவிய ஏற்றம், முழங்கால் தாங்காது. பாரிசிலிருந்து ரயிலில் ஐந்தரை மணித்தியாலம். நடக்க இடமில்லாத கூட்டம். மதிலில் பாதி பிறகு திருத்திக் கட்டியது. தெருவெல்லாம் மரவாள் விற்கிற கடை. ஊர்ச் சாப்பாடு அவரைக்கொட்டையும் வாத்தும் பன்றியும்.

ஏழாவதைப் பாரிசிலிருந்து அவன் தங்கை விக்னேஸ்வரி தொலைபேசியில் கொண்டுவந்தாள். "அண்ணை, பாரிசுக்கு வந்திட்டு என்ர வீட்டில ரெண்டு கிழமை நிக்காமப் போனியளெண்டா நான் பிறகு கதைக்கமாட்டன், சொல்லிப்போட்டன். அண்ணியைக் கேளுங்கோ, அந்த உடைஞ்ச கோட்டையில என்ன கிடக்கு? இஞ்ச பெரிசான பிள்ளைக்குச் சாமத்தியவீடு கிடக்கு!"

'விக்கி கோவிப்பாள்' என்று தேவராஜா எழுதினான். அன்று அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததைச் சிவகௌரி கவனித்தாள். முழங்கால், வாத்து, மரவாள், விக்கி! எதற்காக அவள் போகக் கேட்கிறாள் என்பது மட்டும் இவனுக்கு நினைவில் இல்லையா? ஒரு பிள்ளை மறந்துபோகுமா ஒரு மனுசனுக்கு?

அவளுடைய கைப்பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. மாசி மாதமே, தனக்கு மிச்சமிருந்த அரைகுறைப் பிரெஞ்சில், அந்த ஊர் நகரசபைக்கு எழுதியிருந்தாள். பதில் மரியாதையாக வந்தது. சேமக்காலையில் அந்த இடம் இப்போது வேறு யாருக்கோ போய்விட்டது, அடையாளம் இல்லை. ஆனால் பதிவேட்டில் பிள்ளை இருக்கிறான். பேர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. பெற்றோர் இருவரும் கேட்டால் இப்போதும் எழுதலாம்.

இருவரும். அந்தச் சொல்லுக்குக் கீழே அவள் பென்சிலால் கோடு இழுத்திருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பட்டியல் இன்னும் நீண்டிருந்தபோது, பிரவீணா வந்து தாளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, நீங்க ஹொலிடே போறீங்களா, இல்லாட்டி டெண்டர் விடுறீங்களா? சீரியஸ்லி அம்மா, வை திஸ் ப்ளேஸ்?"

"வடிவான இடம்," என்றாள் சிவகௌரி.

"நாளைக்கு டிக்கெட் சேல் முடியுது. யெஸ்ஸா நோவா எண்டு இண்டைக்கே சொல்லுங்க."

தேவராஜா தாளைக் கழற்றி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். "மீன் வாங்கப் போட்டு வாறன்," என்று கார்ச் சாவியை எடுத்தான். சிவகௌரியும் குளிர்ச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய் ஏறினாள்.

ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்கவே மூன்று சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தியும் அவன் இறங்கவில்லை.

"நான் கூட்டிப் பாத்தனான் கௌரி," என்றான், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி. "சாதகம் நாலு. பாதகம் பதினொண்டு. நீரே பாரும். பிள்ளையின்ர காசையும் வீணாக்கி, முழங்காலையும் நோகப்பண்ணி... விக்கி வீட்டோட நிண்டிட்டு வருவம்."

தாளை நீட்டினான். அவள் வாங்கினாள். பதினொன்றுக்கும் கீழே ஒரு வரி இருந்தது. நீலப் பேனாவால் மேலும் கீழும் கிறுக்கி அழித்த வரி. தாள் கிழியும் அளவுக்கு அழுத்தியிருந்தான்.

"இது என்ன?"

"அது ஒண்டுமில்லை. பிழையா எழுதிப்போட்டன்."

"நீங்களோ? பிழையாவோ?"

மேகம் விலகி, குளிர்கால வெயில் முன்கண்ணாடியில் விழுந்தது. அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கிறுக்கலுக்கு அடியில் அவனுடைய நிமிர்ந்த, பிசகாத எழுத்து ஒவ்வொன்றாய்த் தெரிந்தது.

பன்னிரண்டு: இருபத்தொன்பது வருசம் பிந்திப் போறன். அவனுக்கு என்ன சொல்ல?

சிவகௌரி தாளை மடியில் வைத்தாள். பக்கத்தில் தேவராஜா இரண்டு கைகளாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தான். நின்றுபோன காரை ஓட்டுகிறவனைப்போல.

"அந்த மாசம் நான் வந்திருக்க வேணும்," என்றான். "வெளிக்கிட்டா உம்மட விசா போயிடும் எண்டாங்கள். போனாப் போகட்டும் எண்டு வந்திருக்க வேணும். உம்மைத் தனிய விட்டிட்டு, வாயையும் மூடச் சொன்னன். என்ன மனுசன் நான்?"

அவள் இத்தனை வருடமாய் மனதுக்குள் ஒத்திகை பார்த்த கோபம் ஒன்று இருந்தது. தேடிப் பார்த்தாள், இந்த நேரத்துக்கு அது கைக்கு அகப்படவில்லை. கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள். பிரெஞ்சு அவனுக்குத் தெரியாது. ஆனால் நடுவில், அவர்கள் இருவருடைய பேர்களுக்கும் கீழே, வெறுமையாய் விட்டிருந்த வரியை அவன் விரலைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள்.

"அவனைக் கிடத்தின இடம் இப்ப இல்லையாம். இது மட்டும்தான் மிச்சம். நான் ஒராள் கேட்டா எழுதமாட்டினம். ரெண்டு பேரும் கேக்க வேணுமாம்."

சந்தைக்கு வந்தவர்கள் பைகளோடு காரைச் சுற்றிப் போனார்கள். ஒரு பெண் கண்ணாடியில் தட்டி, நீங்கள் வெளிக்கிடுகிறீர்களா, இடம் வேண்டும் என்று சைகை காட்டினாள். இருவரும் திரும்பவில்லை.

"கோட்டையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம், முழங்கால் நோகுதெண்டா மதிலடியில இருங்கோ," என்றாள் சிவகௌரி. குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள். "உங்களிட்டை நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன், அண்டைக்கு ஆஸ்பத்திரி ஃபோனில கேட்டதுதான். எங்கட பிள்ளைக்கு ஒரு பேர் சொல்லுங்கோ."