பார்லர் அக்காவின் வெள்ளை டப்பா

"கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பும்மா, உன் கன்னத்தை இவங்க பார்க்கட்டும்."

பார்லர் அக்கா இப்படிச் சொன்னதும் மகள் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். கல்லூரி விட்டு வந்தால் அவளுக்கு அதுதான் வேலை. புருவம் திருத்த வந்த பெண்கள் அந்தக் கன்னத்தைப் பார்ப்பார்கள், பிறகு கண்ணாடியில் தங்கள் கன்னத்தைப் பார்ப்பார்கள், போகும்போது ஒரு வெள்ளை டப்பா வாங்கிப் போவார்கள். விளம்பரத்துக்குத் தனியாக ஆள் வைக்க அக்காவுக்கு வசதி இல்லை. பெற்ற பெண்ணே விளம்பரமாகிவிட்டாள்.

டப்பாவில் இருந்த, முகத்தை வெள்ளையாக்கும் கிரீமை ஓர் ஏஜெண்ட் பெரிய வாளியில் கொண்டுவந்து கொடுப்பான். என்ன சேர்மானம் என்று கேட்டால், "அது கம்பெனி ரகசியம்க்கா" என்று சிரிப்பான். அக்கா அதைச் சின்ன டப்பாக்களில் அடைத்து, பச்சை இலை படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். அந்த இலைக்கும் உள்ளே இருந்த கிரீமுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் பூசியவர்கள், மகள் உட்பட, நிஜமாகவே வெளுத்தார்கள். கணவர் இறந்தபின் அந்த டப்பாதான் தாய்க்கும் மகளுக்கும் சோறு போட்டது.

மகளின் முகம் உப்பத் தொடங்கியபோது யாரும் கவலைப்படவில்லை. "சதை பிடிச்சிருக்கா, நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பிறகு செருப்பு காலில் ஏறவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. ஒரு காலையில் கண்ணையே திறக்க முடியாதபடி இமைகள் வீங்கியிருந்தன. அக்கா கிடைத்த வண்டியில் மகளை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே இதய டாக்டர் பார்த்தார், கல்லீரல் டாக்டர் பார்த்தார், இரண்டிலும் கோளாறு இல்லை என்றார்கள். கடைசியில் சிறுநீரக டாக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி, அவசரமே இல்லாமல் பேசுகிறவர். சிறுநீரில் புரதம் கொட்டுகிறது என்று கண்டுபிடித்து, முதுகு வழியாக ஊசி செலுத்திச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார்.

"முன்னெல்லாம் இந்த மாதிரி வீக்கத்துக்குக் காரணம் தெரியலைன்னு எழுதி வச்சிட்டு மாத்திரை கொடுப்போம். இப்போ அந்தத் துணுக்கைப் புது விதமா சாயம் போட்டுப் பார்க்கிறோம். உங்க பொண்ணுக்கு வந்திருக்கிற வகை, பல சமயம் வெளியில இருந்து உடம்புக்குள்ள போற ஏதோ ஒண்ணால வருது. பஸ்பம், லேகியம்னு ஏதாவது சாப்பிட்டாளா?"

"இல்லைங்க."

"வெள்ளையாக்குற கிரீம் ஏதாவது பூசினாளா? வேற ஊர்கள்ல இதே வீக்கத்தோட வந்த பொண்ணுங்களைப் பத்தி டாக்டருங்க எழுதியிருக்காங்க. அவங்க பூசின கிரீம்ல பாதரசம் இருந்திருக்கு."

மகள் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "பவுடர் மட்டும்தாங்க டாக்டர்" என்றாள்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரத்தத்தை வெளி லேபுக்கு அனுப்பியிருக்கேன், முடிவு வர நாளாகும். நீங்க சொன்னா இன்னிக்கே வைத்தியத்தை மாத்தலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்து போனார்.

"ஏம்மா பொய் சொன்னே?" மகளின் குரல் வீக்கத்துக்குள்ளிருந்து வந்தது.

"மெதுவாப் பேசுடி. வெளியில தெரிஞ்சா கடை இருக்குமா? போலீசு வரும். இனிமே நீ அதைத் தொடாதே, தானா சரியாயிடும்."

"மத்தவங்க?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!"

சொல்லிவிட்டாளே ஒழிய, உட்கார முடியவில்லை. வராந்தாவில் நின்று ஏஜெண்டுக்குப் போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான். திரும்பத் திரும்ப அழைத்தாள். அதே பதில். யார் யாருக்கு விற்றோம் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. முகம் வீங்கிய பெண் யாராவது எதிரே வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

பார்வையாளர் நேரத்தில் ஜெராக்ஸ் கடைப் பெண் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஆப்பிள் பை. டப்பா வாங்குகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"கடை பூட்டியே கிடக்கேன்னு விசாரிச்சேன்க்கா. கேட்டதும் மனசு ஆறலை, ஓடி வந்துட்டேன்." மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு அக்காவை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினாள். "கேக்கக் கூடாத நேரம்தான். ஒரு டப்பா கிடைக்குமா? என்னுது தீர்ந்துபோச்சு."

"போன வாரம்தானே வாங்கினே?"

"எனக்கு மட்டும்னா தீருமா? பாப்பா அவங்கப்பா நிறம். மாமியார் தினமும் குத்திக் காட்டுறாங்க. அதான் குளிப்பாட்டினதும் இவளுக்கும் கொஞ்சம் பூசிவிடுறேன்."

குழந்தை தன் முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதன் கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. குழந்தைக் கொழுப்பா, வீக்கமா? அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் காலை அழுத்திப் பார்க்க விரலை நீட்டினாள். பள்ளம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று விரல் பாதியில் நின்றுவிட்டது. இதுவரை தனக்கு என்ன ஆகும் என்று பயந்தவள், முதல்முறையாகத் தான் செய்ததை நினைத்துப் பயந்தாள்.

"குழந்தையைக் குடு!"

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள். "அக்கா, என்னக்கா, எங்கே தூக்கிட்டுப் போறீங்க?" என்று அலறியபடி தாய் பின்னால் ஓடிவந்தாள். வார்டு வாசலில் டாக்டர் நின்றிருந்தார்.

"டாக்டர், கிரீம்தான்! என் பொண்ணுக்கும் நான்தான் பூசினேன், ஊருக்கும் நான்தான் வித்தேன். என்னை ஜெயில்ல போட்டாலும் சரி, முதல்ல இந்தப் பச்சப்புள்ளையைப் பாருங்க!"

டாக்டர் திட்டவில்லை. குழந்தையையும் தாயையும் உடனே குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பினார். போகும்போது ஜெராக்ஸ் கடைப் பெண் அக்காவைத் திரும்பிப் பார்த்த பார்வையை எந்தத் திட்டோடும் ஒப்பிட முடியாது.

"உங்க பொண்ணு தேறிடுவான்னு நம்பிக்கை இருக்கு" என்றார் டாக்டர். "குழந்தையைப் பத்தி ரத்தம் பார்த்தாத்தான் சொல்ல முடியும். சுகாதாரத் துறைக்கு நான் தகவல் கொடுத்தே ஆகணும். ஆனா அவங்க வர்றதுக்குள்ள எத்தனை பேர் அதைப் பூசுவாங்களோ?"

"நான் கூப்பிட்டுச் சொல்றேன் டாக்டர். ஒருத்தர் விடாம சொல்றேன்."

மகளின் கட்டிலில் உட்கார்ந்து அக்கா ஒவ்வொருவராக அழைத்தாள். ஒருத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஒருத்தி போனிலேயே அழுதாள். மகள் போனை அம்மாவின் காதருகே பிடித்துக்கொண்டாள். அடுத்தது கல்யாணம் நிச்சயமான ஒரு பெண். முழுவதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சரிக்கா, இதை விட்டுடறேன். கெடுதல் இல்லாம வெள்ளையாக்குற வேற கிரீம் இருந்தாச் சொல்லுங்களேன்."

அக்கா மகளின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள்.

"வேண்டாம்மா. கறுப்பாப் பொறந்தது நோய் இல்ல. நோயே இல்லாத தோலுக்கு மருந்து பூசினோம் பாரு, அதுலதான் நோயை வாங்கிக்கிட்டோம்."