மடித்துச் சுமந்த சைக்கிள்

காலையில் ஊர்ப் பெரியவர் லோறன்ஸ் மூப்பர் விறாந்தையில் கதிரையைப் போட்டுத் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில், கோயில் வீதியில் வருகிற சைக்கிள்காரர்கள் எல்லோரும் வீதி முனையில் சிலுவை நட்டிருக்கும் குருசடியில் இறங்கிவிடுவார்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்திச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மூப்பர் வீட்டையும் அவருடைய தம்பிமார் வீடுகளையும் கடந்து, அந்தப் பக்கத்துப் பனையடியில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். எல்லோரும் என்று சொன்னாலும் ஊரில் இருந்த சைக்கிள்கள் மூன்றுதான். ஆனால் மூன்று பேர் இறங்கினாலும் முந்நூறு பேர் இறங்கியதுபோல மூப்பர் தலையசைப்பார்.

கோயிலுக்குக் காட்டும் மரியாதை என்றுதான் இதற்குப் பெயர். கோயில் என்னவோ பனையடிக்கும் அப்பால், வீதி முடிகிற இடத்தில் இருந்தது. அதன் வாசலில் தாராளமாக ஏறிப் போகலாம். கர்த்தர் அதைப்பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

ஊர் கண்டக்குழிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் பக்கத்து ஊர்கள் தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும்.

அந்த ஊருக்கு நான்காவது சைக்கிளைக் கொண்டுவந்தவன் பஸ்தியான். மூப்பரின் கரைவலையை இழுக்கிற கூலிக்காரன். வலை இல்லாத பருவத்தில் கருவாட்டு மூட்டையோடு பஸ் ஏறிப் புத்தளம் போய் விற்றுவருவான். உலக யுத்தம் முடிந்த மறு வருடம், வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன சாமான்களை ஏலத்தில் எடுத்து மதுரங்குளியில் குவித்து வைத்திருந்தார் காசிம் காக்கா. தகர வாளிகளுக்கும் கூடாரத் துணிகளுக்கும் நடுவில் இரண்டாக மடிந்து கிடந்தது ஒரு பச்சைச் சைக்கிள். பஸ்தியான் அதை முதலில் உடைந்த சைக்கிள் என்றுதான் நினைத்தான்.

"ஒடஞ்சது இல்ல தம்பி, மடிஞ்சது" என்றார் காக்கா. "வெள்ளக்காரன் ஆகாசத்துலேந்து குதிக்கக்குள்ள இதையும் கட்டிக்கிட்டுத்தான் குதிச்ச."

"ஆகாசத்தில இருந்தா? உடையயில்லையா காக்கா?"

"வெள்ளக்காரன்தான் ஒடஞ்ச. சைக்கிள் ஒடயல்ல."

வண்ணத்துப்பூச்சி போல இரண்டு காது வைத்த நட்டுகளைக் காட்டினார். மேலே ஒன்று, கீழே ஒன்று. "இதக் கழட்டினா மடியும், பூட்டினா ஓடும். பஸ்ல போடலாம், தோணில போடலாம். பொஞ்சாதி ஏசினா கட்டிலுக்கு அடில ஒளிக்கலாம். வேற என்ன வேணும் ஒரு மனிசனுக்கு?"

பஸ்தியானுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பட்டாள முகாமில் மண் சுமந்து சேர்த்த கூலியைக் கொடுத்துச் சைக்கிளை எடுத்துக்கொண்டான்.

அன்று மாலை ஊர்க் கடற்கரையில் அவனைவிடப் பணக்காரன் எவனும் இல்லை. தண்ணீர் வற்றி இறுகிக் கிடந்த ஈர மணலில், ஆறு வயது மகள் யூஜீனியாவை முன் சட்டத்தில் இருத்திக்கொண்டு ஓட்டினான். மணியடிக்கும் உத்தியோகம் அவளுக்கு. எதிரில் நண்டு போனாலும் அடித்தாள், நாய் போனாலும் அடித்தாள். "வேகமா அப்பா, காகத்தப் பிடிப்பம்!" என்று கத்தினாள். கரையோர வாடிக் கொட்டிலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த மக்டலின், புருஷனும் பிள்ளையும் கரையோரமாகப் பறந்துபோவதைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஊரார் கண்டதில்லை.

மறுநாள் காலை பஸ்தியான் முறைப்படி குருசடியில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூப்பர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"டேய் பஸ்தியான், நில்லடா. அது மடியுமாமே?"

"ஓம் மூப்பர்."

"மடியுறத ஏன் விரிச்சுத் தள்ளுறாய்?"

மூப்பர் பொறுமையாக விளக்கினார். "மற்றவன்ட சைக்கிள் மடியாது. அவன் தள்ளுறான், அது ஞாயம். உன்டது மடியும். மடியுறத மடிக்காமப் போனா என்ன அர்த்தம்? மடி."

முடியாதவனிடம் இந்த உலகம் ஒன்றும் கேட்பதில்லை. முடியும் என்று தெரிந்தவனிடம் கேட்பதை நிறுத்துவதும் இல்லை. பஸ்தியான் நட்டுகளைக் கழற்றினான், மடித்தான், தோளில் தூக்கினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மூப்பர் மனம் குளிர்ந்து ஒரு சுருட்டுக் கொடுத்தார். தனக்குக் கிடைத்தது பட்டம் என்றே பஸ்தியான் நினைத்தான்.

அன்றிலிருந்து இது ஒரு காட்சியாகிவிட்டது. சிலாபத்திலிருந்து மூப்பரின் சம்பந்திமார் வந்தால், பஸ்தியான் வரும்வரை தேத்தண்ணி ஊற்றாமல் வைத்திருப்பார்கள். "வெள்ளக்காரன்ட சைக்கிளாம். எங்கட வீதிக்கு வந்தா மடிஞ்சுதான் போகும்" என்று மூப்பர் சொல்வார். சாம்ராச்சியத்தைத் தானே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டதுபோல இருக்கும் அவர் முகம். பஸ்தியானும் சளைத்தவன் அல்லன். கண்ணை மூடிக்கொண்டு மடித்துக் காட்டுவான். பார்க்க ஆளிருந்தால் தோளில் பாரம் தெரிவதில்லை.

மக்டலினுக்கு மட்டும் தெரிந்தது. ஒரு நாள் அவன் தோளில் கன்றிப்போன இடத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:

"மற்றவனச் சைக்கிள் சுமக்குது. நீங்கதான் சைக்கிளச் சுமக்கிறீங்க."

"அது பெரியாக்களுக்குக் குடுக்கிற மரியாதை. உனக்கு விளங்காது."

பக்கத்தில் படுத்திருந்த யூஜீனியா எழுந்து உட்கார்ந்தாள். "அப்பா, மூப்பர் எங்கட சைக்கிளுக்கு என்ன முறை? மாமாவா?"

மக்டலின் சிரித்தாள். பஸ்தியான் சிரிக்கவில்லை.

ஆவணியில் தலவில் அன்னம்மாள் கோயில் திருநாள் வந்தது. வழக்கம்போல ஊர் முழுவதும் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டது. மூப்பர் தம் குடும்பத்தோடும் சட்டி பானைகளோடும் முதல் வண்டியில் போனார். கதவுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊரில் எஞ்சியது பஸ்தியான் குடும்பம் மட்டும். யூஜீனியாவுக்கு மலேரியாக் காய்ச்சல். அவள் தேறினால் பிறகு போகலாம் என்று இருந்துவிட்டார்கள்.

அவள் தேறவில்லை. உச்சி வெயிலில் காய்ச்சல் அனலாக ஏறியது. கண்கள் மேலே செருக, கைகால் வெட்டி இழுத்தது. இழுப்பு நின்றதும் துவண்டு கிடந்தாள்.

"கற்பிட்டிக்குப் போங்க!" என்றாள் மக்டலின். "ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாட்ட சொல்லி மருந்து வாங்கி வாங்க. வண்டியெல்லாம் தலவிலில. பிள்ளையத் தூக்கிக்கொண்டு இந்த வெயிலில போகேலாது. ஓடுங்க!"

"அப்பா கெதியா வருவன் மகள்" என்றான் பஸ்தியான்.

யூஜீனியா கண்ணைத் திறந்து, "மணி அடிச்சுக்கொண்டு வாங்க" என்றாள்.

அவன் பறந்தான். கற்பிட்டியில் அப்போதிக்கரி காய்ச்சலுக்குக் கொயினாக் குளிசையும் ஒரு போத்தல் மருந்தும் கொடுத்தார். போத்தலை மடியில் கட்டிக்கொண்டு திரும்பி மிதித்தான். எதிர்க்காற்றில் கண்ணெல்லாம் மணல். குருசடிக்கு வந்ததும் மகள் சொன்னபடி மணியடித்தான். ஆளில்லாத ஊரில் அந்தச் சத்தம் எதிர்க்காற்றையும் மீறி, வீதியைக் கடந்து, கோயிலைக் கடந்து, கடற்கரையிலிருந்த அவன் வீடுவரை போய்ச் சேர்ந்தது.

மணியடித்த கை ஓய்வதற்குள் கால் கீழே இறங்கிவிட்டது.

யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே ஆளில்லை. விறாந்தையில் கதிரைகூட இல்லை, அதையும் மூப்பர் தலவிலுக்கு ஏற்றிப்போயிருந்தார். பஸ்தியான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. யோசித்தா இறங்கினான்? போகும்போதும் பனையடியில் இறங்கி மடித்து, தூக்கிக்கொண்டு ஓடி, குருசடியில் விரித்து ஏறித்தான் போயிருந்தான். வரும்போதும் கை தானாகவே நட்டைத் திருகியது. கண்ணை மூடிக்கொண்டு செய்து காட்டிய வேலையல்லவா?

மடித்த சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். மூப்பர் வீட்டுக்கு நேரே வரும்போது, வியர்வைக் கைக்குள்ளிருந்த நட்டு ஒன்று நழுவி மணலில் விழுந்தது. அது இல்லாமல் சைக்கிள் நேராக நிற்காது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் மணலை அளைந்தான். அளைய அளைய மணல் சரிந்து குழியை மூடியது. மூப்பரின் பூட்டிய கதவுக்கு முன்னால் முழந்தாளில் நின்று, அழுதுகொண்டே, பிடி பிடியாக மணலை அள்ளிச் சலித்தான். வேலியோரம் படுத்திருந்த மூப்பரின் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அதற்கும் குரைக்கத் தோன்றவில்லை. மறுபடி தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

கடைசியில் நட்டையும் விட்டான், சைக்கிளையும் விட்டான். மருந்துப் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினான்.

வீட்டில் மக்டலின் பிள்ளையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் அழவில்லை. பிள்ளையின் கண்களை மூடிவிட்டு, நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"மணிச் சத்தம் கேட்டது" என்றாள். "பிள்ளைக்கும் கேட்டது. அப்பா வந்துட்டார் எண்டு சொன்னன். சிரிச்சாள். வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்."

பஸ்தியான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.

"குருசடியிலதான் அடிச்சீங்க. அங்கயிருந்து இங்க வர இவ்வளவு நேரமா? ஏன் சுணங்கினீங்க?"

"வீதியில... இறங்கி... நட்டு விழுந்துட்டுது..."

"மூப்பர் தலவிலிலதானே?"

"ஓம்."

"அவர்ட தம்பிமார்?"

"அவங்களும்தான்."

"அப்ப வீதியில ஆரு நிண்டது?"

"ஒருத்தரும் இல்ல."

மக்டலின் முதல் தடவையாகத் தலையை உயர்த்தி அவனைப் பார்த்தாள். "அப்ப ஆருக்கு இறங்கினீங்க?"

மருந்து நேரத்துக்கு வந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று பின்பு கேட்டபோது, திட்டமாகச் சொல்ல முடியாது என்றார் அப்போதிக்கரி. இருக்கலாம். ஆனால் தகப்பனின் முகத்தை ஒரு தடவை பார்ப்பதற்கு மருந்து தேவையில்லை.

செய்தி போய், ஊர் தலவிலிலிருந்து திரும்பியது. மறுநாள் அடக்கத்துக்கு முன் லோறன்ஸ் மூப்பர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய கதிரை வந்தது. அமர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, சனம் கேட்கும்படி சொன்னார்:

"நான் ஊரில இருந்திருந்தா, 'ஏறிப் போடா' எண்டு நானே சொல்லியிருப்பன். நான் என்ன கல்மனசுக்காரனா?"

இல்லை, இல்லை என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

மூப்பர் இன்னும் இளகினார். "நடந்தது நடந்துபோச்சு. இண்டைக்குப் பெட்டி என்ட வீதியால போகக்குள்ள நீ சைக்கிளில ஏறியே போகலாம் பஸ்தியான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

மகளின் பெட்டிக்குப் பின்னால் சைக்கிளில் போகிற தகப்பன் எந்த ஊரில் உண்டு என்று எவரும் கேட்கவில்லை. மூப்பர் கருணை காட்டும்போது குறுக்கே பேசுவது அந்த ஊர் வழக்கமில்லை.

பஸ்தியான் பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தான். மூப்பருக்கு முன்னால் நின்றான். தலை தாழவில்லை.

"மூப்பர், இறங்கச் சொன்னது நீங்க. அந்தப் பாவத்த நீங்க பாவசங்கீர்த்தனத்தில சாமியாரிட்டச் சொல்லிக்கொள்ளுங்க. ஆனா நேத்து நீங்க அங்க இல்ல. உங்கட வீட்டுப் பூட்டுத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டுக்கு இறங்கினவன் நான். இண்டைக்குப் பிள்ளைக்குப் பின்னால நடப்பன். அதுக்குப் பிறகு உசிருள்ள காலத்துக்கு அந்த வீதியில சைக்கிள விட்டு இறங்கமாட்டன்."

மூப்பர் துண்டால் மறுபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்தியான் திரும்பி, கூட்டத்தின் ஓரத்தில் நின்ற மற்ற மூன்று சைக்கிள்காரர்களைப் பார்த்தான். அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

"நல்லாக் கேளுங்க. நமக்கு நல்லது செஞ்ச ஒருத்தரக் கண்டு இறங்கினா அது மரியாதை. ஒருத்தருமே இல்லாத வீதியிலயும் கால் தானா இறங்குதெண்டா அது மரியாதை இல்ல, அடிமைப் புத்தி. அந்தப் புத்திய நமக்குள்ள வளக்கிறது நாமதான். ஆனா அதுக்குரிய விலைய அது நம்மட்ட கேக்காது. பிள்ளைட்டத்தான் கேக்கும்."