மூன்றாம் ஓலை

ஐரீன் கூடையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ராயபுரத்தில் வேறு எந்த மீன்காரிக்கும் கிடைக்காத மரியாதை அது. "இது நேத்து மீனுமா, கொழம்புக்கு ஆவாது, வறுத்துக்கோ" என்று அவளே சொல்லிவிடுவாள். இப்படி வியாபாரம் செய்தால் உருப்படுமா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். உருப்படத்தான் செய்தாள். புருஷன் போன பிறகு அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. கடைசியில் அந்த நல்ல பெயரே வந்து அவள் கழுத்தைப் பிடித்தது, பாவம்!

தம்பி அருள்நாதனுக்குக் கல்யாணம். யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். கூடப் புறப்பட்ட பெண்சாதி எல்சி வழியில் காலராவில் செத்துப்போனாள் என்றான். தெருவே அழுதது. இப்போது யுத்தம் முடிந்து, ஹார்பரில் வேலையும் கிடைத்து, ஞானம் என்று தங்கமான பெண்ணும் அமைந்துவிட்டாள். கோயிலில் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும், மறைத்தால் பாவம் என்று சாமியார் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் ஐரீன் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள்? போன மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்த தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கதறியிருந்தான்.

"எல்சி சாவலக்கா. அவளால நடக்க முடியல. ஒரு மரத்தாண்ட குந்தவச்சி, வண்டி இட்டாறேன்னுட்டு வந்தேன். திரும்பிப் போவலக்கா. பயந்துகினு ஓடியாந்துட்டேன்."

காய்ச்சல் விட்டது. அதன் பிறகு அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எல்சி செத்ததற்குச் சாட்சி வேண்டும், தெரிந்தவர் யாராவது வேதபுத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லட்டும் என்று சனிக்கிழமை சாமியார் கூப்பிட்டனுப்பினார். "ஐரீன் வந்தால் போதும்" என்றாராம். போகிற வழியெல்லாம் அருள்நாதன் அவள் காதைக் கடித்தான்.

"அந்தக் காட்ல யாருக்கா பொழைப்பாங்க? செத்துதான் இருப்பா. நீ பொய் சொல்ல வாணாம். வந்த அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்? அத்த மட்டும் சொல்லு."

கெட்டிக்காரன்! ஐரீன் புத்தகத்தின்மேல் கை வைத்தாள். "எல்சி செத்துட்டான்னு, வந்த அன்னிக்கே என் தம்பி அழுதுகினு சொன்னான் சாமி."

அதில் ஓர் எழுத்துப் பொய்யில்லை. "நீ சொன்னால் சரிதான் அம்மா" என்று சாமியார் புத்தகத்தை எடுத்து வைத்தார். அவரும் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை.

ஐரீன் வெளியே வந்தாள். அழுகலை அடியில் போட்டு நல்ல மீனை மேலே பரப்பி விற்கிறவளைக் கண்டால் காறித் துப்புகிறவள் அவள். இன்றைக்கு அதையே ஆண்டவர் சந்நிதியில் செய்துவிட்டு வருகிறாள்.

கோயில் வாசலில் ஞானம் மெழுகுவத்தியோடு நின்றிருந்தாள்.

"அக்கா, எல்சி அக்கா பேர்ல ஒரு பூசை வைக்கலாம்னு கீறேன். அவங்க எடத்துக்குத்தானே வர்றேன்? அவங்க ஆத்துமா அமைதியா இருந்தாதான் எனக்கும் மனசு ஆறும். செத்த நாளு எதுன்னு இவரக் கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறாரு. உங்களுக்குத் தெரியுமா?"

ஞானத்துக்குப் பின்னால் நின்ற அருள்நாதன் கண்ணாலேயே கெஞ்சினான். தெரியாது என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மைதான். மேலே பரப்ப இன்னொரு நல்ல மீன். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து வண்டி வருமா என்று வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கா மரித்தவர் பூசை?

ஐரீன் மெழுகுவத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "இத்த ஏத்தாத ஞானம். எங்கூட உள்ள வா. சாமியாண்ட நான் பாதிதான் சொல்லிக்கீறேன்."

"யக்கா! என் வாழ்க்கையே பூடும்கா!" என்று அருள்நாதன் குறுக்கே வந்தான்.

"ஒர்த்திய நம்பவச்சி நடுக்காட்ல குந்தவச்சிட்டு வந்த. இவளையும் குந்தவைக்க நான் கூட நிக்கணுமாடா?"

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. அன்றைக்குப் போன அருள்நாதன் வீடு திரும்பவில்லை. எல்சியைத் தேடிப் போனானா, மறுபடியும் ஓடினானா, யாருக்கும் தெரியாது. ஞானம் வீட்டார் ஐரீனை வாசலில் ஏற்றவில்லை. புத்தகத்தில் கை வைத்து ஒன்று சொல்லி, வெளியே வந்து வேறொன்று சொன்னவள் என்று தெரு பேசியது.

திங்கட்கிழமை காலையில் கூடையை இறக்கினாள். வருஷக்கணக்கில் அவளிடமே வாங்குகிற காத்தூன் பீவி வந்தாள். ஒரு வஞ்சிரத்தை எடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

ஐரீன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாப் பாத்தே வாங்கு பீவி" என்றாள்.