மாமி கேட்ட தண்ணீர்

ஜானுவுக்கு இடது தோள் காலையிலிருந்தே கையைத் தூக்க விடவில்லை. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முழங்கை வரைக்கும் ஒரு முறுக்கு. கண்ணாடி போட்ட படங்கள் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம்; அடையாறில் அந்த ஹாலின் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று ஸஹானா சொல்லத்தான் சொன்னாள். ஜானு விடவில்லை. காமாக்ஷி மாமி படம் வரைகிற ஸ்டாண்டையும் மடக்கு நாற்காலியையும் பத்தொன்பது வருஷம் சுமந்தவள் அவள். கடைசிச் சுமையை எவனோ கூலிக்காரன் சுவரில் இடித்துத் தொலைப்பதா?

மாமி போய் மூன்று மாதம். நாளைக் காலை அவளுடைய படங்களை ஊருக்குக் காட்டப்போகிறார்கள். பேத்தி ஸஹானா தரையில் சம்மணம் போட்டு, படங்களுக்குக் கீழே ஒட்டச் சீட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

சுவரெல்லாம் அடையாற்று முகத்துவாரம். மணலில் படர்ந்த அடப்பங்கொடி, மழைக்கு முந்திக் கறுக்கிற வானம், உடைந்த பாலத்தடியில் ஒற்றைக் காலில் நிற்கிற நாரை. ஜானு பிறந்து வளர்ந்த சீனிவாசபுரம் அந்த மணலை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படத்திலும் ஒரு குடிசை கிடையாது.

“எங்க வூடுங்க எங்க மாமி?” என்று ஒருநாள் கேட்டாள்.

“நான் இயற்கையைன்னா போடறேன்.”

“அப்போ நாங்க இன்னா, கம்பெனில செஞ்சதா?”

மாமி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்தபிறகும் குடிசையைப் போடவில்லை. பிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளர் காபியை மட்டும் ஜானுவிடம் நீட்டினாள். அது என்றைக்கும் அப்படித்தான். முதல் டம்ளர் ஜானுவுக்கு.

இப்போதும், மாமி வரைய வந்த நாட்களான செவ்வாயும் சனியும், விடிகிற நேரத்துக்கு ஜானுவுக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. மணலுக்குப் போய் நிற்கிறாள். நாரை நிற்கிறது. “ஏண்டி, அசையாதே, பறந்துடும்” என்று அதட்ட ஆளில்லை.

“ஜானுக்கா, நாளைக்கு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்” என்றாள் ஸஹானா.

“நானா? மைக்லயா? சும்மா இரு பாப்பா.”

“இத கேளுங்க.” ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள். “‘அடையாற்றைத் தீட்ட அடையாற்றுத் தண்ணீரையே வர்ணத்தில் குழைத்தார் காமாக்ஷி.’ எல்லாப் படத்துக்கும் இதான். ஆத்துல எறங்கி மொண்டு குடுத்தது நீங்கதானே? அத சொல்லுங்க, போதும்.”

ஜானு கையிலிருந்த படத்தைச் சுவரோரம் சாய்த்தாள்.

அது மாமியின் பிடிவாதம். எந்த இடத்தை வரைகிறாளோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் வர்ணம் குழைக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் மடங்காது, மணல்மேட்டிலேயே உட்கார்ந்துகொள்வாள். கேனை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியவள் ஜானு. முதல் நாள் இறங்கத்தான் செய்தாள். சாக்கடை கலந்து, கறுப்பாக, மேலே என்னவோ மிதந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் வீட்டுக்குள் கட்டில் மட்டத்துக்கு ஏறுகிற அதே தண்ணீர். கையை வைக்க மனம் வரவில்லை. குடிசைக்குப் பின்னால் போய் அடிபம்பில் கேனை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

படம் காய்ந்ததும் வானத்தில் வர்ணம் பொரிப்பொரியாக நின்றது. “பாத்தியோ, ஆத்து உப்புடி இது!” என்று மாமி பூரித்துப்போனாள். அடிபம்பு உப்பு.

“நாத்தமே இல்லையேடி?”

“பாலத்தாண்ட போய் மொண்டேன் மாமி. அங்க சுத்தமா கீது.”

அன்றைக்கு வாயில் வந்த பொய் பத்தொன்பது வருஷம் ஓடியது.

“பாப்பா,” என்றாள் ஜானு, “அந்தச் சீட்ட ஒட்டாத.”

“ஏன்?”

“அது ஆத்துத் தண்ணி இல்ல. அடிபம்புத் தண்ணி.”

ஸஹானா முதலில் சிரித்தாள். ஜானுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “எல்லாமேவா?”

“எல்லாமே.”

“பாட்டி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாளே. ஒருநாள் அவகிட்ட உண்மைய சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா அவளே எறங்கிடுவா உங்க பாட்டி. வழுக்கி வுழுந்தா?” ஜானு நிறுத்தினாள். “அதுவும் பொய்தான் பாப்பா. எனக்கு அருவருப்பு. அவ்ளோதான். அவளுக்கு அது ஆறு. எனக்கு அது வூட்டுக்குள்ள வர்ற சாக்கடை.”

ஸஹானா எழுந்து சுவரிடம் போனாள். முன்பே ஒட்டிய சீட்டுகளை நகத்தால் கிள்ளி உரித்தாள். நாலைந்து கிழிந்தே வந்தன. கடைசியாக, சட்டம் போடாத ஒரு படத்தை எடுத்தாள். மேலே வானமும் மணலும் இருந்தன. கீழ்ப்பாதி வெறும் வெள்ளைக் காகிதம்.

“இதுக்கும் அடிபம்புதானா?” குரலில் கோபம் இருந்தது.

“மேல வரைக்கும் அதான். கீழ தண்ணியே வரல.”

மாமி படுக்கையில் விழுந்த பிறகு கேட்டது அந்தத் தண்ணீர். எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. “ஜானு, ஒரே ஒரு பாட்டில் கொண்டு வாயேண்டி. ஆத்தை இன்னும் போடலை.” இந்தத் தடவை நிஜமாகவே இறங்கி மொண்டுவிடுவது என்று ஜானு முடிவு செய்தாள். காலையில் பாட்டிலோடு கிளம்பினாள். தெருமுனையில் தண்ணி லாரி வந்து நின்றது. நாலு நாளாக வராத லாரி. வீட்டில் குடிக்கச் சொட்டு இல்லை. பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடத்தோடு வரிசையில் நின்றாள். சண்டை போட்டு, பிடித்து, வீடு சேர்த்து, மயிலாப்பூரில் மாமி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம். “கொண்டு வந்தியா?” என்று மாமி கண்ணால் கேட்டாள்.

“நாளைக்கு மாமி.”

அன்று சாயங்காலமே மாமி போய்விட்டாள்.

இதையும் ஸஹானாவிடம் சொன்னாள். சொல்லும்போது அழவில்லை. தோளைத்தான் பிசைந்துகொண்டிருந்தாள்.

ஸஹானா படத்தின் மூலைகளை நீவிவிட்டாள். பிறகு அதைச் சீட்டில்லாமல் நடுச்சுவரில் மாட்டினாள். “இத யாராவது கேட்டா என்ன சொல்லட்டும்கா?” கோபம் போய்விட்டிருந்தது.

“இருக்கிறத சொல்லு. ஒரு பாட்டில் ஆத்துத் தண்ணி கேட்டா. ஜானு குடுக்கல.”