ஓரத்து நட்சத்திரம்

சுலாமி தகரப் பெட்டியின் அடியிலிருந்து கொடியை உருவினாள். வீட்டுக்குப் பின்னால் அப்பாவுக்குக் குழி வெட்டுகிறவர்கள் பிஸ்கட் டின்னால் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் நிற்கவே இல்லை. துவாலுவின் தலைத்தீவான ஃபுனாஃபூட்டியில் இடுப்பளவு தோண்டினாலே கடல் ஊறி வந்துவிடும். அலை ஏறுவதற்குள் அப்பாவை இறக்கியாக வேண்டும்.

“கொடியைச் சீக்கிரம் கொண்டாரச் சொல்லுங்க, சாகாயோ மாமா. எங்க ஆபீசர் வந்துக்கிட்டிருக்காரு,” என்றான் அரசாங்க ஆபீசில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் பெனிதாலா, வாசலுக்கு வெளியே நின்று. அந்தத் தீவுகளில் வயது வந்த அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் இல்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும்.

சாகாயோ அப்பாவோடு நவ்ரூவில் பாஸ்பேட் வெட்டியவர். “நான் செத்தாலும் உங்க ரெண்டு பேருக்கும் தூது போயே தீரணும்போல,” என்றார்.

துவாலு விடுதலை பெற்ற வாரம் அப்பா வாங்கிய கொடி அது. ஒன்பது தீவுக்கு ஒன்பது மஞ்சள் நட்சத்திரம். பறக்கிற பக்கத்துக் கடைசி ஓரத்தில், காற்று முதலில் கிழிக்கிற இடத்தில், நியூலகீட்டா. ஆளில்லாத திட்டு என்று மற்றவர்கள் சொல்வார்கள். சிறுவயதில் அங்கே குடியேற்றப்பட்ட அப்பா, நவ்ரூவுக்குப் போன சில வருஷம் போக, தோள்பட்டை இறங்கிப்போகும் வரை அங்கேதான் கொப்பரை வெட்டினார். அவருடைய அம்மாவும் தலைப்பிள்ளையும் அந்த மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

போன அக்டோபரில் அரசாங்கம் சொல்லிவிட்டது. துவாலு என்ற பேருக்கே எட்டும் சேர்ந்து நிற்பது என்றுதான் அர்த்தமாம். கொடியில் எட்டு போதுமாம். ரேடியோவைக் கேட்டுவிட்டு அப்பா சிரித்தார். “அப்ப அங்க இருந்த நாங்கல்லாம் யாரு, நண்டா? நான் செத்தா ஒம்போது இருக்கிற கொடியைத்தான் போத்தணும், புள்ள.” சரி என்று சுலாமி அவர் கையைப் பிடித்துச் சொன்னாள்.

இப்போது கொடியைப் பாயில் விரித்தாள். எட்டுதான் இருந்தது.

ஓரத்தில் ஊசித் துளைகள். துணி முழுக்க வெளுத்திருக்க, அந்த ஓர் இடம் மட்டும் நட்சத்திர வடிவில், வெயில் படாத அசல் நீலமாக இருந்தது.

“மாமா, யாரு பிரிச்சாங்கன்னு கேளுங்க.”

சாகாயோ கேட்கவில்லை. பெனிதாலாவுக்கே கேட்டுவிட்டது. “நான் தொடலை. அவரேதான் பிரிச்சாரு. நீ நியூதாவோ தீவுக்குப் போயிருந்தப்ப.” தங்கையிடம் நேராகப் பேசிவிட்டதை அவன் கவனிக்கவில்லை.

“யாரு பிரிக்கச் சொன்னது?”

டின் தண்ணீரில் முங்கி எழுந்தது.

“ஆபீசர் விருந்துக்கு வர்றதா இருந்தாரு. நம்ம வீட்டுல மட்டும் ஒம்போது பறந்தா எனக்குப் பதவி உயர்வு குடுப்பாங்களா? எனக்கும் புள்ளைங்க இருக்கு. பிரிச்சிருங்கன்னு அப்பாகிட்ட கேட்டேன். கொப்பரைக் கத்தியை எடுத்துக்கிட்டு உக்காந்தாரு.”

“அவரையே பிரிக்க விட்டீங்க.”

“துணி கிழிஞ்சிருமேன்னு என் கையில குடுக்கலை.”

போன வாரம், கொடியைத் துவைத்து வைக்கட்டுமா என்று சுலாமி கேட்டபோது அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மருந்துக் கசப்பு என்று நினைத்திருந்தாள்.

சவப்பெட்டிக்குள் அவர் மார்மேல் புகையிலை டப்பா இருந்தது. புகைப்பதை விட்டு வருஷக்கணக்காகியும், கடைசி நாட்களில் அதைக் கையிலிருந்து விடவில்லை. கூடவே அனுப்பிவிடலாம் என்று அவள்தான் வைத்திருந்தாள். எடுத்துத் திறந்தாள். நாலாக மடித்த மஞ்சள் துணி. விளிம்பில் ஒரு நூல்கூட அறுபடவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. “வாங்க சார், வாங்க,” என்று பெனிதாலா ஓடினான்.

சுலாமி கொடியை மடித்தாள். “இதை அண்ணன்கிட்டயே குடுத்துருங்க, மாமா. அவங்க ஆபீசுக்கு ஆகும்.”

“ஊரு பாக்குது, புள்ள.”

“பாக்கட்டும்.”

சவப்பெட்டியைப் பாய் மட்டும் போர்த்தித் தூக்கினார்கள். பாய்மேல் அந்த நட்சத்திரத்தை அவள் வைத்தாள். ஆபீசர் அதைப் பார்த்தார். பிறகு தென்னை மரங்களைப் பார்த்தார். பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கினார்.

கயிற்றில் இறக்கும்போது பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நட்சத்திரம் நழுவி, பெட்டிக்கும் மணலுக்கும் நடுவே ஊறியிருந்த தண்ணீரில் விழுந்தது. முங்கவில்லை. மெல்லச் சுற்றிக்கொண்டு நின்றது.

முதல் பிடி மணல் மகன் போட வேண்டியது. பெனிதாலா அக்குளில் கொடியை இடுக்கிக்கொண்டு, குழியோரம், மிதக்கும் நட்சத்திரத்துக்கு மேலே மணல் பிடித்த கையை நீட்டியபடி நின்றான்.

“போடுப்பா. தண்ணி ஏறுது,” என்றார் சாகாயோ.

அவன் கை திறக்கவில்லை. விரலிடுக்கில் மணல் கசிந்து, பாலிஷ் போட்ட அவன் செருப்பின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.