துரையின் கடைவாய்ப் பல்

என் மருமகள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டிச் சுரண்டி, முகம் தெரியாத யாருக்கோ சிரிப்பைத் தயார் செய்து அனுப்புவாள். கல்யாணத்துக்கு முன்னால் மகன் இதைச் சொன்னபோது, "வேற வேலையே கிடைக்கலையாமா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன். முப்பது வருஷமாகக் கறிக்கடையில் கத்தி பிடிக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்கள் வீட்டு நாய் துரைக்குப் பதினோரு வயது. என்னைத் தவிர யார் தொட்டாலும் கடிப்பான். மகன் கையிலேயே இரண்டு தழும்பு இருக்கிறது. தினமும் கடையடைக்கும்போது இருப்பதிலேயே தடியான கால் எலும்பை அவனுக்கென்று எடுத்து வைப்பேன். "எலும்பு கடிச்சாத்தான் நாய்க்குப் பல்லு உறுதியா நிக்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடமும் அடித்துச் சொல்வேன். நாய் வளர்க்கிறவர்களுக்குச் சனிக்கிழமையானால் பொட்டலம் கட்டிச் சும்மாவே கொடுப்பேன்.

ஒருநாள் துரையின் வலது கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. கண்ணில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, சொட்டு மருந்து வாங்கி மூன்று நாள் விட்டேன். வீக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. நாலாம் நாள் எலும்பை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மருமகள் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, தலையைப் பிடிச்சுக்கோங்க."

"கடிச்சுடுவாம்மா."

"பரவாயில்ல. அவனுக்கு வலிக்குது."

கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினாள். துரை உறுமினான். நான் பிடியை விடப் பார்த்தேன், அவள் விரலை எடுக்கவில்லை.

"கண்ணுல ஒண்ணும் இல்ல மாமா. மேல கடைவாய்ப் பல்லு பிளந்திருக்கு. வேர்ல சீழ் வச்சு கண்ணுக்குக் கீழ வந்து நிக்குது."

மறுநாள் காலையில் கால்நடை டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அதையே வரி பிசகாமல் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "எலும்பு மாதிரி கெட்டியா ஏதாவது கடிக்கக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லைப் பிடுங்கி, மற்ற பற்களில் படிந்திருந்த காரையையும் சுரண்டி எடுத்தார் டாக்டரம்மா. அதோடு முடியவில்லை. இடது பக்க ஈறும் பழுத்திருந்தது. "தினம் தேய்ச்சு விடுங்க. ரெண்டு மாசத்துல ஈறு இறுகலேன்னா இன்னும் நாலு பல்லை எடுக்கணும். இவன் இதயத் துடிப்பு சரியில்ல. இன்னொரு தடவை மயக்க மருந்து குடுத்தா எழுந்திருப்பான்னு என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார்.

அன்று சாயங்காலமே நான் என் பிரஷ்ஷையும் பேஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருமகள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அவனுக்குத் துப்பத் தெரியுமா மாமா? அப்படியே முழுங்கிடுவான். நம்ம பேஸ்ட் நாய்க்கு ஆகாது. அதுவுமில்லாம காயம் ஆறட்டும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகவே கூடாது."

முதல் வாரம் அவள் தேய்க்கவே இல்லை. உதட்டைத் தூக்குவாள், விடுவாள், "சமத்து" என்பாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் விரலில் துணியைச் சுற்றிக் கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்து, காயம் இல்லாத இடது பக்கத்துப் பல்லை மட்டும் தடவினாள். ஒருமுறை கடித்தான். கையைக் கழுவிக் கட்டுப்போட்டுக்கொண்டு டாக்டரிடம் போய் ஊசியும் போட்டுக்கொண்டு வந்தாள், மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது வாரம் நாய்களுக்கென்றே விற்கிற பேஸ்ட்டும் மெத்தென்ற சின்ன பிரஷ்ஷும் வந்தன. ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, குழந்தைக்குத் தலை வாருகிற மாதிரி தேய்ப்பாள். முதலில் ரத்தம் வந்தது. நாளாக ஆக நின்றது. நாற்பதாம் நாள் துரை தானாக வந்து அவள் மடியில் தாடையை வைத்தான். பதினோரு வருஷம் சோறு போட்ட எனக்கு அவன் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. அதைவிட, இந்தப் பெண்ணை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல இருந்தது.

அந்த இரண்டு மாதமும் அவள் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வீட்டுக்கு எலும்பு கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். கடையில் மட்டும் பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே!

இரண்டு மாதம் முடிந்து போனோம். டாக்டரம்மா துரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார்.

"ஈறு நல்லா இறுகியிருக்கு. ஆப்பரேஷன் வேண்டாம். யாருங்க தேய்ச்சது?"

மருமகள் லேசாகச் சிரித்தாள்.

"கை எடுத்துக் கும்பிடலாம்மா உங்களை" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்தப் பல்லு எதுல உடைஞ்சதுன்னு தெரியலையே. தெரியலேன்னா நாளைக்கு இன்னொண்ணும் உடையும்."

மருமகள் மறுபடியும் பூனைப் படத்தைப் பார்க்கப் போய்விட்டாள். என் பொய்க்கு அவள் இன்னொரு முறை காவல் நிற்பதா? என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க உடைச்சேன். தினமும் கால் எலும்பு குடுத்தேன். அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

திரைக்கு அந்தப்பக்கம் பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து எட்டிப் பார்த்தார். என் கடை வாடிக்கையாளர். கையில் கயிறு, காலடியில் அவருடைய நாய்.

"அண்ணே, அப்ப சனிக்கிழமை சனிக்கிழமை எனக்குக் கட்டிக் குடுத்தீங்களே?"

நான் வாய் திறப்பதற்குள் மருமகள் திரையை விலக்கிக்கொண்டு போய், அந்த நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, வந்து தலையைப் பிடிச்சுக்கோங்க" என்றாள்.